வாட் மட்டும் கேட்டு வாங்கும் வெளிச்சம்

வீடு கட்டும்போது விளக்குத் தேர்வு பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் நடக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போடுபவர் நான்கடிக்கு ஒன்றாக ஓட்டை போட்டு முடித்திருப்பார். எலக்ட்ரீஷியன் துண்டுச் சீட்டில் "12 வாட் ரவுண்டு, ஒயிட், 16 பீஸ்" என்று எழுதித் தருவார். படிக்கிற பிள்ளை, சமைப்பவர், கண்பார்வை மங்கிய பெரியவர் எல்லோரும் இனி எந்த வெளிச்சத்தில் புழங்கப்போகிறார்கள் என்பதை அந்த ஒரு வரி முடிவுசெய்துவிடுகிறது.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. குண்டு பல்பு காலத்தில் 40, 60, 100 வாட் என்றாலே எவ்வளவு வெளிச்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கம்பெனி பல்பாக இருந்தாலும் அதே மஞ்சள் ஒளிதான். எல்இடிக்கு மாறியபோதும் அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டோம். அதனால் மாற்றம் வேகமாகவும் நடந்தது. வீடுகளுக்கு மலிவாக எல்இடி பல்பு தர மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக மொத்தமாக பல்பு வாங்கியதில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடு முழுக்க 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. 60 வாட் குண்டு பல்பின் வேலையை 9 வாட் செய்துவிடுகிறது. அறையில் சூடும் குறைந்திருக்கிறது. இந்த ஆதாயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் வாட் சொல்வது விளக்கு இழுக்கும் மின்சாரத்தை. கிடைக்கும் வெளிச்சத்தைச் சொல்வது லூமென். நல்ல 9 வாட் பல்பு 900 லூமென் தரும்; மட்டமானது 650-ஐத் தாண்டாது. பெட்டியிலேயே அச்சிட்டிருப்பதால், பார்த்து வாங்கினால் தீர்ந்துவிடும் குறை இது. நிறம் அப்படிப்பட்டதல்ல.

அரக்குப் பட்டுச்சேலையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும் பெண்கள், விளக்குப் பொறியாளர்கள் கருவி வைத்து அளப்பதைக் கண்ணாலேயே அளக்கிறார்கள். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. 2014-இல் அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்தது அந்த நீல ஒளிதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பூச்சில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அதனால் அரக்கு பழுப்பாகிறது, தக்காளி சோர்ந்துபோகிறது, முகம் வெளிறுகிறது. நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்ல பெட்டியில் போடும் சிஆர்ஐ எண் இதைப் பிடித்துக்கொடுப்பதும் இல்லை. எட்டு மென்னிறங்களின் சராசரிதான் அந்த எண். அடர்சிவப்புக்கான ஆர்9 அதில் சேராது. சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்கின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கலாம். ஜவுளிக்கடை, மருத்துவர் அறை, சமையலறை மூன்றுக்கும் சிஆர்ஐ 90, ஆர்9 குறைந்தது 50 என்று எழுதியே கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடைபாதைக்கும் ஸ்டோர் ரூமுக்கும் 80 தாராளம்.

வெள்ளையா, வார்மா என்ற வாக்குவாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. வெயில் ஊர்க்காரருக்கு 6500 கெல்வின் வெள்ளை குளுமையாகத் தெரிந்தால் அது அவர் விருப்பம். ஒரே அறையில் 3000 கெல்வின் வார்மையும் 6500 வெள்ளையையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆயுள் விஷயத்தில் வாங்குபவருக்கு உண்மையிலேயே அநியாயம் நடக்கிறது. பெட்டியில் 25,000 மணி நேரம் என்றிருக்கும். நாளுக்கு 6 மணி நேரம் எரித்தால் 11 ஆண்டு தாண்ட வேண்டும். வாரண்டியோ பெரும்பாலும் இரண்டு ஆண்டுதான். அணைந்துபோன பல்பின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: பல சமயம் சில்லுகள் பளிச்சென்றே இருக்கும், சில்லுகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும், பின்னாலுள்ள ட்ரைவரில் ஒரு கெப்பாசிட்டர் தலை உப்பிக் கிடக்கும். சூடு பத்து டிகிரி ஏறினால் அந்தக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். சென்னையில் மே மாதத்து மொட்டைமாடித் தளம் இரவிலும் சூட்டை விடாது. அதற்கும் ஜிப்சம் பலகைக்கும் நடுவே காற்றோட்டமில்லாமல் ட்ரைவரை அடைத்துவைக்கிறோம். ட்ரைவர் விளக்கோடு ஒட்டியதாக இருந்தால், சில ரூபாய் பாகம் போனதற்கு முழு விளக்கையும் குப்பையில் போட வேண்டியதுதான். ட்ரைவர் தனியாக, கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இடத்தேர்வும் எலக்ட்ரீஷியனின் அந்தத் துண்டுச் சீட்டின் பிழைதான். சமையலறை நடுவில் மட்டும் விளக்கு இருந்தால், மேடையில் காய் நறுக்குபவரின் நிழல் அவர் கத்தியின்மேலேயே விழும். மேல் அலமாரியின் அடியில் ஒரு பட்டை விளக்கு பொருத்தினால், அதைவிடக் குறைந்த வாட்டில் நறுக்கும் இடம் தெளிவாகத் தெரியும். படுக்கையறையில் நேர் மேலே பதித்த டவுன்லைட், மல்லாந்து படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில்தான் குத்துகிறது.

இவ்வளவும் பார்த்தால் செலவு கூடாதா என்று கேட்பார்கள். ஒரு விளக்குக்குக் கூடத்தான் செய்யும். ஆனால் எங்கே உட்காருவார்கள், எங்கே படிப்பார்கள், எங்கே நறுக்குவார்கள் என்று பார்த்து, ஓட்டை போடுவதற்கு முன்பே குறித்துக்கொடுத்தால், 16 விளக்கு கேட்ட கூடத்துக்குப் பல வீடுகளில் எட்டு போதும்.