இணையப் பொதியின் தலைப்பகுதி: பழையதும் புதியதும்

இணையத்திற் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே செல்வது. விடுத்த கணினியின் முகவரி, சேர வேண்டிய கணினியின் முகவரி முதலிய குறிப்புக்களைத் தாங்கிய தலைப்பகுதி ஒன்று ஒவ்வொரு பொதியின் முன்னும் அமைந்திருக்கும். 1981 இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பு நெறிமுறையும், 1995 இல் வெளியாகி 1998 இலும் 2017 இலும் திருத்தம் பெற்ற ஆறாம் பதிப்பும் இத்தலைப்பகுதியை வெவ்வேறாக வகுத்துள்ளன. புதியது எளியது என்பர் பலர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும்.

பழைய தலைப்பகுதி குறைந்தது 20 பைற்று நீளமுடையது. விருப்பக் குறிப்புக்கள் சேருமிடத்து 60 வரை நீளும். புதியதோ என்றும் 40 பைற்றே. மேலோட்டமாக நோக்குவார்க்கு அது பருத்துவிட்டதாகவே தோன்றும். ஆயின் முகவரி 32 பிற்றிலிருந்து 128 பிற்றாக வளர்ந்தமையை மறத்தலாகாது. இரு முகவரிகளையும் நீக்கிக் கணக்கிடின், பழையதில் எஞ்சுவன 12 பைற்று. புதியதில் 8 மாத்திரமே. பன்னிரண்டு புலங்கள் எட்டாயின. வளர்ந்தது முகவரி, மெலிந்தது ஏனையது.

கழிக்கப்பட்டவற்றுள் தலையாயது சரிபார்ப்புத் தொகை. வழிப்படுத்தி ஒவ்வொன்றும் பொதியின் ஆயுளெண்ணில் ஒன்றைக் குறைக்குந்தோறும் இத்தொகையையும் மாற்றவேண்டியிருந்தது. மேல் அடுக்கிலும் கீழ் அடுக்கிலும் வேறு சோதனைகள் உளவாதலின் இதனை விலக்கியது தக்கதே. கால அளவாகப் பெயர் பெற்றும் நடைமுறையில் தாவல்களையே எண்ணிவந்த அவ்வாயுளெண், 'தாவல் எல்லை' எனத் தன் தொழிலுக்கேற்ற பெயர் பெற்றதும் பாராட்டற்குரியது.

எனினும், நீக்கிய வேலை யாவும் ஒழிந்துவிடவில்லை. பெரிய பொதியை இடைவழியில் துண்டாக்கும் உரிமை வழிப்படுத்திகளுக்கு இப்போது இல்லை. அது விடுப்போனுக்கே உரியது. வழியின் கொள்ளளவை அவன் அறியவேண்டின், 'பொதி பெரிது' என்னும் அறிவிப்பு அவனை வந்தடைதல் வேண்டும். காவல் அரண்கள் அவ்வறிவிப்பைத் தடுப்பின், பொதிகள் காரணம் புலப்படாது மறைகின்றன. துண்டாக்கக் குறிப்பு முதலியன நீட்சித் தலைப்பகுதிகளுக்கு மாற்றப்பட்டன. அவற்றைத் தாங்கிவரும் பொதிகளை வீசியெறியும் வலையமைப்புக்களும் உள. எனவே இவ்வெளிமை, நடுவிலுள்ளாரின் சுமையை முனையிலுள்ளார்மேல் ஏற்றிப் பெற்ற எளிமையே. நடுவிலுள்ளார் நெறி பிறழாதவிடத்தே அது சிறக்கும்.

இரண்டிலும் இடமும் பொருளும் மாறாது நிற்பது முதல் நான்கு பிற்றாகிய பதிப்பெண் ஒன்றே. அங்கு ஆறெனக் காணும் பழைய கருவி மேற்கொண்டு ஒன்றையும் அறியமாட்டாது. முகவரிகளின் பொதுக் களஞ்சியம் 2011 பெப்ரவரியில் வறிதாகிய பின்னரும் பழையது மறையாது, இரண்டும் அருகருகே இயங்குதற்கு இதுவே முதன்மையான காரணமாகும். ஆகவே புதிய தலைப்பகுதியின் குறை அதன் வடிவிலன்று. பழையதனோடு அது பேசமாட்டாமையிலேயே உளது எனத் துணியலாம்.