எதிர்நாயகனின் தனிமொழி: தீவகக் கூத்தும் தமிழ்த் திரைப்படமும்

சண்டைக் காட்சிகளை ஆதாரமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்களை மதிப்பிடுவோர், எதிர்நாயகன் நெடுநேரம் பேசுவதைப் பெருங்குறையாகக் கூறுவது வழக்கம். கதாநாயகன் கட்டுண்டு கிடக்க, ஆயுதம் ஏந்தி நிற்பவன் தன் சூழ்ச்சியை முதலிலிருந்து முடிவுவரை எடுத்துரைப்பான்; அவன் பேசி முடிப்பதற்குள் கட்டு அவிழ்ந்துவிடும். இதனைக் 'கூத்துத்தனம்' என ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவோரும் உளர். குறை உண்மையே. எனினும் அக்குறைக்குக் கூத்தைப் பொறுப்பாக்குவது பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஊர்காவற்றுறைப் பகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களில் வளர்ந்த கூத்து மரபை ஈண்டு நோக்கலாம். வேதசாட்சியரின் வரலாறுகளைக் கூறும் இக்கூத்துக்களில் எதிர்நாயகன் பெரும்பாலும் கொடுங்கோல் மன்னனே. கட்டியகாரன் வரவு கூறிய பின் அவன் கொலுவில் தோன்றுவான். தன் பெயரையும் குலத்தையும் ஆற்றலையும் பாடுவான். மந்திரியை அழைத்து நாட்டு நலன் வினவுவான். விடியவிடிய நடக்கும் ஆட்டத்திலே, விளக்கொளியிலிருந்து தொலைவில் இருப்போருக்கு நடிகனின் முகக்குறிப்புத் தெரியாது. வந்தவன் யார், அவன் தகைமை என்ன என்பதைப் பாட்டும் ஆட்டமும் உடுப்புமே உணர்த்தல் வேண்டும். ஆகவே அப்பேச்சு அரங்கின் தேவையிலிருந்து பிறந்தது. அன்றியும், மன்னன் தன் வலிமையை எவ்வளவுக்கு உயர்த்திப் பாடுகின்றானோ, அவ்வளவுக்கு அவன் முன் தனித்து நிற்கும் வேதசாட்சியின் உறுதியும் உயர்ந்து தோன்றும்.

திரைப்படத்துக்கோ இத்தேவை இல்லை. கமெரா முகத்தை அண்மையிற் காட்டுகின்றது. ஒரு பார்வையே வரவுப் பாட்டின் பணியைச் செய்துவிடும். முகம் உணர்த்தியதை வாயும் உரைக்கும்போது கூறியது கூறலாகின்றது. ஆயின் திரையில் எதிர்நாயகன் பேசவே கூடாது என்று முடிவு கட்டலாமா?

1950ஆம் ஆண்டு மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'மந்திரி குமாரி' இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது. மு. கருணாநிதி வசனம் எழுதிய இப்படத்தின் கதை, முழுமையாகக் கிடைக்காத காப்பியமான குண்டலகேசியின் கதையைத் தழுவியது. எஸ். ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன், ராஜகுருவின் மகன், இரவிற் கொள்ளையன். கொள்ளையை ஒரு கலையென்று வாதிடுபவன். மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, அவளைக் கொல்லப்போவதை அவளிடமே கூறுகின்றான். அவள் இறுதியாக அவனை வலம்வர அனுமதி கேட்டு, பின்னின்று அவனைத் தள்ளிவிடுகின்றாள். பேசாது தள்ளியிருப்பானாயின் அவன் பிழைத்திருப்பான். ஆயினும் இப்பேச்சை எவரும் குறையாகக் கொள்வதில்லை. தன் சொல்வன்மையிற் செருக்குற்றவன் அச்செருக்கினாலேயே அழிகின்றான். பேச்சு அவன் குணத்தின் விளைவாகவும் அவன் முடிவின் காரணமாகவும் அமைகின்றது. கட்டு அவிழும் வரை காலத்தைப் போக்குவதற்காக எழுதப்படும் பேச்சில் இவ்விரண்டும் இல்லை. அது பாத்திரத்தின் தேவையன்று, கதையாசிரியரின் தேவை.

இன்னொரு வகைத் தனிமொழியும் உண்டு. அது எதிர்நாயகன் தன் நெஞ்சோடு பேசுவது. கம்பராமாயண யுத்த காண்டத்தில் முதல்நாட் போரிற் படைக்கலம் இழந்து, இராமனால் மறுநாள் வருமாறு விடுக்கப்பட்ட இராவணன் இலங்கை மீள்கின்றான். வானோர் நகைப்பதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. சீதை நகைப்பாளே என்ற நாணமே அவனை வாட்டுகின்றது. போரின் வேகம் இவ்விடத்துத் தணிகின்றது என்பது உண்மையே. ஆனால் இனி வரும் போரின் பொருள் மாறிவிடுகின்றது. வெல்லப்பட வேண்டிய அரக்கன் என்று நாம் கண்டவனை, வெட்கம் அறிந்த மனிதனாகவும் காண்கின்றோம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் நெறிப்படுத்திய 'இராவணேசன்' இராவணனையே நடுநாயகமாக்கியது. எதிர்நாயகனின் உள்ளத்தைக் காட்டும் ஆற்றல் கூத்து வடிவத்துக்கு உண்டென்பதை அது மெய்ப்பித்தது.

இவற்றால் ஓர் அளவுகோல் பெறப்படும். பேச்சு முடிந்தபின் ஏதேனும் ஒன்று மாறியிருத்தல் வேண்டும்: கதையின் போக்கு, அல்லது பேசினவனைப் பற்றிய நம் கணிப்பு. இரண்டும் மாறாதவிடத்துப் பேச்சின் நீளம் படத்தை நலியச் செய்யும். நீளம் தன்னளவிற் குற்றமன்று.

கூத்திலும் அளவு மீறிய கொலுக்காட்சிகள் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் விதிவிலக்கைக் கொண்டு மரபுக்குப் பெயரிடுதல் முறையன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வோடு தீவகத்தின் ஆட்டக்களங்கள் பலவும் வெறிச்சோடின. அண்ணாவிமாரும் ஆட்டக்காரரும் பல திசைகளுக்குச் சிதறினர். அவ்வாட்டங்களை நேரிற் கண்டோர் குறைந்துவரும் இக்காலத்தில், 'கூத்துத்தனம்' என்ற வசைச்சொல்லின் வழியாக மட்டுமே அடுத்த தலைமுறை கூத்தை அறிய நேருமாயின், அவ்விழப்பு ஒரு திரைப்படத்தின் குறையைவிடப் பெரிதாகும். விமரிசகர் தம் சொற்களைத் தெரிந்து வழங்குதல் கடன்.