கடைசிச் சரணம் வரை

நம் பக்கத்துக் கீர்த்தனை மரபைப் பற்றி இரண்டு பக்கம் வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற காரியமல்ல. சங்கத்துப் பெரியவர்கள் சொல்லைத் தட்டவும் முடியாது. வேதநாயகம் சாஸ்திரியாரையும் கிருஷ்ண பிள்ளையையும் இந்தச் சபைக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. எதைக் கைவிட்டு அவர்கள் பாடினார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

சாஸ்திரியார் வழியைத் தஞ்சை வழி என்கிறோம். எனக்கு அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. 1774-இல் அவர் பிறந்தது திருநெல்வேலியில். 1800-இல் அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சிக்கு முன்மாதிரியோ தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. 1718-இல் மதுரை நாயக்கர் கவிராயருக்குத் தந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பேர் விளங்குகிறது. குற்றாலக் குறவஞ்சித் தலைவி வசந்தவல்லி நின்ற இடத்தில் சாஸ்திரியார் தேவமோகினியாகச் சபையை நிறுத்தினார், குறத்தியை விசுவாசமாக்கினார். சாரல் நனைத்த அந்த நடை தஞ்சைக்குப் போய் வேதப் பாட்டாயிற்று. சரபோஜி மன்னரும் அவரும் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர்கள். பெருவுடையார் பேரில் பாடும்படி அந்த மன்னரே கேட்டும் சாஸ்திரியார் மறுத்துவிட்டார் என்று அவர் வழியினர் சொல்லிவருகிறார்கள். பிற்காலத்தில் மிஷனெரிமாரோடு மூண்ட வழக்கில் இருந்த வேலையும் போயிற்று. அந்த வழக்கில் சாதி வேற்றுமையை அவர் தாங்கிப் பேசியது எனக்கு உடன்பாடில்லை. சங்கத்தில் யாருக்கும் உடன்பாடாக இராது. ஆனால் வறுமையிலும் பாட்டை அவர் விலைக்குப் போடவில்லை.

திருநெல்வேலி வழி விருத்த வழி. கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனைக் கேட்டு வளர்ந்த கிருஷ்ண பிள்ளை, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றபோது வயது 30. தமிழ்ப் புலமையும் ஊர் மதிப்பும் உள்ளவர் அந்த நாளில் அப்படி ஓர் அடி எடுத்து வைத்தால் உறவு என்ன சொல்லியிருக்கும் என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியும். அவர் கம்பனைத் தூக்கி எறியவில்லை; கம்பன் தந்த ஓசையை ஆண்டவருக்குப் படைத்தார். விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்த ஜான் பனியன் எழுதிய கதைதான் 1894-இல் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமாக வெளிவந்தது. அதில் வரும் மாயச் சந்தையில் உலகத்துச் சரக்கு எதையும் வாங்க மறுத்த குற்றத்துக்காக ஒருவன் கொல்லப்படும் இடத்தை விருத்தமாகப் பாடத் தெரியாதவரை இந்த வழியில் பாடகர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெற்கே கத்தோலிக்க ஊர்களின் நாடக வழி தனி. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் பிள்ளை 2022-இல் புனிதரானார். ஊர் மேடைகள் அவர் கதையை அதற்கு வெகு காலம் முன்பே பாடிவிட்டன. சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதரையும் விட முடியாது. மருத்துவத்தில் ஈட்டிய பணத்தை 1912 முதல் இசை மாநாடுகளில் செலவிட்டு, 1917-இல் கருணாமிர்த சாகரத்தைத் தந்தார்.

இனி எங்கள் உபதேசியார் ஐயா. சுரண்டைப் பக்கத்துச் சிறு சேகரத்தில் ஊழியம் செய்தவர். நிரந்தர வேலைக்கு உத்தரவு வந்தும், ஞாயிறு ஆராதனைக்கு இடைஞ்சல் என்று திருப்பி அனுப்பினார். அவரிடம் பாட்டு படிப்பதென்றால் முதலில் ராகம் கிடையாது. வசனம் வாசிப்பதுபோல் முழுப் பாட்டையும் ஒப்பிக்க வேண்டும். அடுத்து அர்த்தம் சொல்ல வேண்டும். பிறகு தொடையில் தாளம். ஆர்மோனியப் பெட்டி திறப்பது அதற்கும் பிறகுதான். சாரல் காலத்தில் குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் கூட்டிப்போய்ப் பாடச் சொல்வார். "அருவிக்கு மேல கத்தாதலே. அதுக்குக் கீழ நின்னு வார்த்தைய நிறுத்து" என்பார்.

மூத்த மகனை அடக்கம் பண்ணிய வாரத்து ஞாயிறும் ஐயா பாட எழுந்தார். வழக்கமான ஸ்தோத்திரக் கீர்த்தனை. மூன்றாம் சரணத்தில் தொண்டை அடைத்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, அதே சரணத்தை முதலிலிருந்து எடுத்தார். ஒரு வரி விடவில்லை.

இன்றைக்குப் பாடுகிறவர்களில் நல்ல சாரீரம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. ஆனால் சில மேடைகளில் பல்லவி எட்டு முறை வருகிறது, சரணம் ஒன்றோடு முடிகிறது. கீர்த்தனைகளில் பாடும், இழப்பும், சிலுவையும் பெரும்பாலும் பின் சரணங்களில்தான் இருக்கின்றன, விடுபடுவது அவைதான். அந்த இடத்தை உயர்வும் பெருக்கமும் வாக்களிக்கும் புதுப் பாட்டுகள் பிடித்துக்கொண்டன. வீடு வரும், வேலை வரும், விசா வரும் என்று பாடிப் பழகிய பிள்ளை, வராத நாளில் எதைப் பாடும்? சரணத்தை வெட்டிய கை நாளைக்குச் சங்கீதத்தை வெட்டும், சுவிசேஷத்தையும் வெட்டும். தாளம் கீபோர்டுக்குப் போயிற்று, சுருதி கைப்பேசிக்குப் போயிற்று, மனப்பாடம் திரைக்குப் போயிற்று. அடக்க ஆராதனையில்கூட அச்சிட்ட தாளைத் தேடுகிறோம். மரித்தவரை முழுப் பாட்டோடு வழியனுப்பத் தெரியாத சபைக்குக் கோபுரம் எத்தனை அடி இருந்து என்ன?

பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். வரும் அசனப் பண்டிகைப் பாட்டுப் போட்டியில் தாளில்லாமல் எல்லாச் சரணங்களையும் பாடுவோருக்கே பரிசு என்று விதி வையுங்கள். நடுவராக அமர்வோரும் முதல் நாள் மாலை அதே பாட்டை அப்படியே பாடிக் காட்டட்டும்.