கல்லில் இறங்கும் வேகம்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்து கிரானைட் ஆலைகளில் கருங்கல் பாளத்தின் மேல் வரிசையாக இரும்புத் தகடுகள் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். மேலிருந்து சுண்ணாம்பும் இரும்புப் பொடியும் கலந்த சேறு வழிந்துகொண்டே இருக்கும். பல் இல்லாத தகடுகள் அவை. கல்லைத் தின்பது அந்தப் பொடிதான். தகடு மணிக்குச் சில சென்டிமீட்டர் இறங்கினால் பெரிது. அவசரப்பட்டால் தகடு கோணிவிடும். பிறகு அறுபட்டு வரும் பலகை ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. சத்தமா, காதைப் பொத்தத்தான் வேண்டும்.

எனக்குப் பிடித்தது அறுத்து முடித்த பிறகு நடப்பது. சேற்றைக் கழுவி, 2 சென்டிமீட்டர் பலகையை நிமிர்த்தி வைத்து விரல் முட்டியால் தட்டுகிறார் மேஸ்திரி. ‘ணங்’கென்றால் நல்ல கல். சத்தம் செத்து விழுந்தால் உள்ளே எங்கோ விரிசல். பாலிஷ் போடாத அந்தப் பலகையில், ஈரம் காய்வதற்குள் இளஞ்சிவப்பு அலைகள் தெரிந்து மறைகின்றன.