காதுக்கு யார் சாதகம் செய்வது?

ஓசூரில் தாள வாத்தியம் கற்கும் பிள்ளைகளுக்கு இப்போது குறைவில்லை. சாயங்காலமானால் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மிருதங்கமும் தபேலாவும் கேட்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் பறைப் பயிற்சி நடக்கிறது. எல்லா வகுப்பிலும் ஒரே கணக்குதான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் சாதகம், மெட்ரோனோமை எவ்வளவு வேகத்துக்கு ஏற்றியாயிற்று, எத்தனை கோர்வை மனப்பாடம் ஆனது என்று கேட்கிறார்கள். அண்மையில் ஒரு தாள வாத்தியப் போட்டியில், மூச்சு விடாமல் வாசித்த சிறுவனுக்கு முதல் பரிசு தந்த நடுவர், பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் மேதையாகலாம் என்று மேடையிலேயே அறிவித்தார். பெற்றோர் கைதட்டினார்கள். இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கைதட்டல்தான்.

அந்தப் பத்தாயிரம், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் வேறு இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. பெர்லின் இசைக் கல்லூரியில் வயலின் படித்தவர்களில் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் பழகிய நேரத்தின் சராசரி அது. 2008-இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் தன் நூலில் அதை ஒரு விதியாகவே ஆக்கிவிட்டார். எரிக்சன் அதை ஏற்கவில்லை. சராசரி என்றாலே அதை எட்டாதவர்களும் அந்தச் சிறந்தவர்களுக்குள் இருந்தார்கள் என்று பொருள். எவ்வளவு நேரம் என்பதைவிட, எந்தக் குறையைத் திருத்தப் பழகுகிறோம் என்பதே முக்கியம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை.

சாதகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தத்தகாரத்தை மூன்று காலத்திலும் போட்டுப் போட்டுத்தான் சொல் தெளியும். பறைப் பயிற்சி முகாம்களுக்கும் பெரிய பெருமை உண்டு. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த கருவியைப் பெண்களும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோளில் மாட்டியிருக்கிறார்கள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துத் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023-இலும், நம் பக்கம் பறை வேலு ஆசானுக்கு 2025-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது சிறிய செய்தியல்ல.

ஆனால் இத்தனை பயிற்சியிலும் காதுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்? இதை நான் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். பிள்ளை தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறான். எதிரே பாடகர் இல்லை, ஆடுபவர் இல்லை. மெட்ரோனோம் அவனை ஏமாற்றாது, காக்கவைக்காது, பாதி வரியில் மனம் மாறாது. மனிதர்கள் இதையெல்லாம் செய்வார்கள். அதற்கு ஈடுகொடுப்பதுதான் தாளக்காரரின் தொழில்.

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து தருமபுரிச் சமவெளி வரை பம்பைக்காரர்கள் வேலை செய்வதை அருகில் நின்று பாருங்கள். மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய கருவி. பம்பைக்காரர் சாமியை அழைக்கும் வர்ணிப்பைப் பாடிக்கொண்டே அடிக்கிறார். கண் மட்டும் கரகம் எடுப்பவரின் தோளை விட்டு நகர்வதில்லை. தோள் லேசாக நடுங்கினால் அடி இறுகுகிறது. அருள் வராமல் நின்றுவிட்டால் வேகத்தைக் கூட்டுவதில்லை. பழைய அடிக்கே திரும்பி, வர்ணிப்பில் இன்னொரு வரியைச் சேர்த்து மறுபடி அழைக்கிறார். எத்தனை சுற்று என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. அளந்துவைத்த கோர்வை அங்கே எதற்கும் ஆகாது.

தெருக்கூத்தும் அப்படித்தான். துரியோதன வேடம் திரையை விலக்கிக்கொண்டு சுழன்று வந்து எந்த இடத்தில் காலை ஊன்றி நிற்கும் என்பது ஆடுபவரின் அன்றைய மூச்சைப் பொறுத்தது. அந்தக் கால் தரையில் படும்போது மிருதங்கத்தின் முத்தாய்ப்பும் விழுந்தாக வேண்டும். கூத்து மிருதங்கக்காரர் இதை விடிய விடிய ஆர்மோனியப் பெட்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார். பாட்டு முழுவதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் நடிகர் வரியை விட்டாலும் அவர் தாளத்தை விடுவதில்லை.

சபாக் கச்சேரியை எடுத்துக்கொண்டாலும் கணக்கு என் பக்கம்தான். மூன்று மணி நேரக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கால் மணி நேரம் நீண்டாலே அதிகம். மிச்ச நேரமெல்லாம் பாட்டுக்கு வாசிப்பது. எடுப்பு ஒன்றரை இடத்தில் வருகிறதா, அனுபல்லவியில் சாகித்யம் எங்கே நெருங்குகிறது, நிரவலில் பாடகர் எந்தச் சொல்லில் நிற்கப்போகிறார் என்று காது தேடிக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்புகளிலோ நேரம் தலைகீழாகப் போகிறது. அந்தக் கால் மணிக்காகத்தான் முழு நாளும் உழைப்பு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் சிறுவயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதரின் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே வளர்ந்தவர். தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பாடம் கேட்டது அதற்குப் பிறகு. பாட்டு அவர் கைக்குள் இருந்தது என்று ரசிகர்கள் இன்றும் சொல்வது அவருடைய வேகத்தைப் பற்றியல்ல. தபேலா மேதை ஜாகிர் உசேன் 40 நாள் தனித்திருந்து சாதகம் செய்த சில்லாவைக் காட்டுபவர்கள், அவர் பன்னிரண்டு வயதிலேயே கச்சேரிகளுக்குப் புறப்பட்டவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பறை முகாம்களில் எனக்கு வருத்தம் இன்னும் அதிகம். முப்பது பேர் ஒரே அடியை ஒரே அசைவோடு அடிக்கிறார்கள். மேடையில் பார்க்க அழகுதான். யார் நின்றுபோனாலும் தெரியாது என்பதால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. கையிலிருப்பது ஃபைபர் பறை. தோல் பறை பனியில் தொய்யும். சத்தம் மந்தமாவதைக் கேட்டதும் வைக்கோலைக் கொளுத்திக் காட்டி, தட்டிப் பார்த்து, போதாதென்றால் மறுபடி காட்ட வேண்டும். கன்றுத்தோலே ஆசானாக இருந்து காதைப் பழக்கியது. ஃபைபரில் அந்தப் பாடம் ஒரேயடியாகப் போய்விட்டது. மழைக்கு வசதி என்கிறார்கள். அந்த வசதிக்கு இவ்வளவு விலை கூடாது.

பழகப் பழகக் கற்பனை தானே பிறக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். எதிரே இருப்பவர் எதிர்பாராததைச் செய்யும்போது, கையிலிருக்கும் பாடம் போதாமல் போகும்போதுதான் புதிது பிறக்கிறது. தனியறையில் பாடம் எப்போதும் போதுமானதாகவே இருக்கிறது. பத்து வருடம் கற்ற பிள்ளைகள் மற்றவர்களின் கோர்வைகளையே இன்னும் வேகமாக வாசிப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அவர்களை யாரும் அந்த நெருக்கடியில் உட்காரவைக்கவில்லை.

போட்டி நடத்துபவர்கள் முதல் பரிசை முடிவுசெய்யும் முன், முன்பின் தெரியாத ஒரு பாடகரை உட்காரவைத்து, பிள்ளைகளை அவருக்கு வாசிக்கச் சொல்லட்டும். வகுப்பு நடத்துபவர்கள் வாரத்தில் ஒரு நாளாவது மிருதங்கத்தை உறையிலேயே வைத்துவிட்டுப் பாட்டுப் பாடம் எடுக்கட்டும். பாரதக் கூத்து நடக்கும் கோடை மாதங்களில் ஓசூரிலிருந்து ஒரு வேன் பிடித்துப் பிள்ளைகளை அழைத்துப்போய், விடியும்வரை மிருதங்கக்காரருக்குப் பின்னால் உட்காரவைக்கட்டும்.