ஒரே கதை, இரு வடிவங்கள்: ஜொகூர்க் கதைகளும் இலக்கியக் கலைச்சொற்களும்

மலேசியாவின் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவருக்குக் கருப்பொருள், கதைப்பின்னல், நோக்குநிலை போன்ற சொற்கள் பெரும்பாலும் வரையறைகளாகவே வந்து சேர்கின்றன. வரையறை மனப்பாடமாகிவிடும், படித்திராத கதை ஒன்றைக் கையில் கொடுத்தால் துணைக்கு வராது. தெரிந்த கதைகளைக் கொண்டு விளக்கலாம் என்பது பழைய யோசனை. தெரிந்த கதை மட்டும் போதாது, அதன் இரு வடிவங்கள் வேண்டும் என்பது என் கட்சி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எது மாறியது என்று கேட்கும்போதுதான் அந்த மாற்றத்துக்கு ஒரு பெயர் தேவைப்படுகிறது. கலைச்சொல் பிறக்கும் இடம் அதுவே.

ஜொகூரில் இத்தகைய இரு வடிவக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தங்காக் பக்கம் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங்கின் இளவரசி கதை, ஜொகூரின் பெண்டஹாரா (முதலமைச்சர்) துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடும் 1612ஆம் ஆண்டோடும் சேர்த்துப் பேசப்படும் பழைய மலாய் நூலான ‘செஜாரா மெலாயு’வில் இருக்கிறது. மலாக்கா சுல்தான் மஹ்மூட் ஷா பெண் கேட்டுத் தூது விடுகிறார். மலாக்காவிலிருந்து மலைவரை பொன்பாலமும் வெள்ளிப்பாலமும், தட்டுத் தட்டாய்க் கொசுவின் இதயங்கள், கடைசியில் சுல்தானின் இரத்தமும் அவர் மகனின் இரத்தமும் என்று நிபந்தனைகள் இறங்கி வருகின்றன. இளவரசி நேரில் பேசுவதில்லை. ஒரு மூதாட்டி பேசுகிறாள், அவளே இளவரசி என்றும் ஒரு பேச்சு. ஆசை சுல்தானுடையது, கதையும் அவர் பக்கமிருந்தே நகர்கிறது. 2004இல் வெளிவந்த ‘புத்ரி குனோங் லேடாங்’ திரைப்படத்திலோ அவள் மலாக்கா வீரன் ஹங் துவாவைக் காதலிக்கும், ஜாவாவின் மஜாபாஹித் அரசைச் சேர்ந்த இளவரசி. மலை அதே மலை, நிபந்தனைகளும் ஏறத்தாழ அவையே. ஆனால் பழைய நூலில் எட்டாத பொருளாக இருந்தவளுக்கு இங்கே மனம் இருக்கிறது, இழப்பு இருக்கிறது. நோக்குநிலை என்பதை விளக்க இதற்குமேல் ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை.

அதே நூலில் சிங்கப்பூரில் நடக்கும் தோடாக் மீன் கதை இன்னும் கூர்மையானது. மீன்கள் கரைமேல் பாய்ந்து ஆட்களைக் குத்திக் கொல்ல, அரசன் வீரர்களின் கால்களையே வேலியாக நிறுத்துகிறான். வாழைத்தண்டால் வேலி கட்டச் சொல்லி ஊரைக் காக்கிறான் ஒரு சிறுவன். வளர்ந்தால் ஆபத்து என்று அவனையே கொன்றுவிடுகிறார்கள். காத்தவனுக்குக் காத்ததே குற்றமாவது முரண்நகை. வாய்மொழி வடிவம் அவன் இரத்தத்தால் குன்று சிவந்ததாகச் சொல்லி, சிங்கப்பூரின் புக்கிட் மேரா (செங்குன்று) என்ற பெயரோடு முடிந்துவிடுகிறது. ‘செஜாரா மெலாயு’ அந்தப் பழி நாட்டின்மேல் விழுந்தது என்கிறது. பின்னால் மஜாபாஹித்திடம் சிங்கப்பூர் வீழ்வதைப் படிப்பவர் இந்தக் கொலையை மறப்பதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் இடையே பிரித்துக் காட்டிய காரண உறவு இங்கே கண்முன் நிற்கிறது.

மலாய்க் கதைகளைத் தமிழ் வகுப்பில் ஏன் நுழைக்க வேண்டும் என்று கேட்கலாம். இந்நாட்டு மாணவர் அவற்றை ஏற்கெனவே அறிந்தவர்; ராஜா சூரான் கலிங்கத்திலிருந்து படையெடுத்து வந்து ஜொகூர் ஆற்றருகே கோட்டை பிடிப்பதாக எழுதிய ‘செஜாரா மெலாயு’வை முற்றிலும் அயலானது என்று தள்ளவும் முடியாது. தமிழிலேயே வேண்டுமென்றால் அகலிகை இருக்கிறாள். கம்பனில் இராமன் பாதத்தூளால் கல்லுருவம் நீங்குபவள், புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில் சீதையை அதே இராமன் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டு மீண்டும் கல்லாகிறாள். பாத்திரப் படைப்பும் கருப்பொருளும் ஒருசேர எப்படித் திரும்புகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. வாய்மொழிக் கதை மாறுவது பலர் வாயில் புரண்டதால். அதை எழுத்தாளன் தேர்ந்த உத்தி என்பது மிகையல்லவா? பாதி உண்மை. குன்று சிவந்ததை எவரும் திட்டமிட்டுச் சேர்த்திருக்கமாட்டார்கள். ஆனால் கலைச்சொல் விவரிப்பது எழுதியவரின் எண்ணத்தை விட, கதை வாசகனிடம் என்ன செய்கிறது என்பதையே. அது சிவந்த குன்றிலும் நடக்கிறது. இந்த ஒப்பீட்டு முறை உண்மையில் தோற்பது நனவோடை உத்தியிடம்தான். பழங்கதை மாந்தர் செயலால் ஆனவர்கள். அவர்களின் எண்ணச் சிதறல்களுக்குள் இந்தக் கதைகள் போவதில்லை. அதற்கு எழுத்தாளர் லா.ச.ரா.வைத்தான் படிக்கக் கொடுக்க வேண்டும், பதினேழு வயதில் அவர் கடினம் என்றாலும்.