மலைவீட்டுச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன்: தேர்வும் பொருத்தும் முறையும்

சுவரில் பொருத்தும் எக்ஸாஸ்ட் ஃபேன், அறையில் தேங்கும் புகை, நீராவி, தாளிப்பு நெடி எல்லாவற்றையும் காற்றோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கும் கல்வராயன் மலையில் இதன் தேவை சமவெளியைவிடக் கூடுதல். கரியாலூர் போன்ற ஊர்களில் மழையும் மூடுபனியும் வந்துவிட்டால் ஜன்னல்கள் சாத்தியே கிடக்கும். காஸ் அடுப்பு வந்த வீட்டிலும் வெந்நீருக்கு விறகு எரிவதுண்டு. அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும்தான். வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கடைக்குப் போகும் முன் அறையை அளக்க வேண்டும். 10 அடி நீளம், 8 அடி அகலம், 9 அடி உயரமுள்ள சமையலறையின் கொள்ளளவு 720 கன அடி. அதிலுள்ள காற்று மணிக்கு 15 முறை மாற வேண்டுமென்றால் 10,800 கன அடி, அதாவது சுமார் 306 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, தடையில்லாத வெளியில் சோதித்துக் கண்டது. ஷட்டர், வலை, சுவரின் கனம் எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்துவிடும் என்பதால் கணக்கில் வந்ததைப்போல் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 460 கன மீட்டர் தரும் ஃபேனைப் பார்ப்பது நல்லது. காஸ் மட்டும் எரியும் அடுக்களைக்கு 200 மி.மீ., அதாவது 8 அங்குல ஃபேன் பொதுவாகப் போதும். குளியலறைக்கு 150 மி.மீ. தாராளம்.

பிளாஸ்டிக் உடலா, இரும்பு உடலா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஹேவெல்ஸ் வென்டில் ஏர் டிஎக்ஸ், உஷா கிரிஸ்ப் ஏர் போன்ற பிளாஸ்டிக் வகைகள் எடை குறைந்தவை, துருப்பிடிக்காதவை. குளியலறைக்கு இவற்றை மிஞ்ச எதுவுமில்லை. விறகடுப்புள்ள அடுக்களையிலோ கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறக்கையில் அப்பிக்கொள்ளும். அடுப்புக்கு நெருக்கமாக இருந்தால் சூட்டில் வளையவும் கூடும். அங்கே 300 மி.மீ. இரும்பு ஃபேன், அதுவும் பால் பியரிங் உள்ளதே நின்று உழைக்கும். ஒரே அளவில் நிமிடத்துக்கு 1,400 சுற்று, 900 சுற்று என இரண்டு வேகங்களில் விற்பார்கள். 1,400 அதிகக் காற்றை இழுக்கும், இரைச்சலும் அதிகம். அடுக்களையை ஒட்டிப் படுக்கும் சிறிய வீட்டில் 900 சுற்றுதான் நிம்மதி. ஆனால் எந்த ஃபேனும் புகைபோக்கிக்கு மாற்றாகாது. விறகடுப்புக்கு மேல் புகைபோக்கி வைத்து, மிஞ்சிய புகைக்கு ஃபேன் என்று கொள்வதே சரியான வரிசை.

இடம் தேர்வதில் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, காற்று உள்ளே வரும் கதவுக்கு எதிர்ச்சுவரில், அடுப்புக்கு அருகே, தரையிலிருந்து 7 அடிக்குக் குறையாத உயரத்தில் ஃபேன் இருக்க வேண்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அதன் காற்றையே இழுத்து வெளியே விடும். அடுப்புப் புகை அசையாது. இன்னொன்று மழை. வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களைக் கூடியவரை தவிர்க்கலாம்.

ஃபேனை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுவரை உடைக்க வேண்டும். ஒரே அங்குல அளவுள்ள இரண்டு கம்பெனி ஃபேன்களின் சட்டம்கூட ஒன்றாக இருப்பதில்லை. லிண்டல் பீமையும் மின்குழாய் போகும் தடத்தையும் விட்டு விலகிக் குறிக்க வேண்டும். செங்கல் சுவரில் சுத்தியலும் உளியும் போதும். ஹாலோ பிளாக் சுவரில் உளி பட்டதும் கல்லின் உள்ளறை திறந்துகொள்ளும். அதைக் கலவையால் அடைத்து இறுகவிட்ட பிறகே ராவல் பிளக் பிடிக்கும். மண்சுவரில் மரச்சட்டம் பதித்து, அதில் ஃபேனை முடுக்க வேண்டும். எந்தச் சுவரானாலும் துளையின் அடிப்பகுதி வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்திருக்கட்டும். இந்தச் சரிவை விட்டுவிட்டால் அடைமழையில் தண்ணீர் அடுக்களைச் சுவரில் கோடு போட்டு இறங்கும்.

இரும்பு ஃபேன்களில் பல ஷட்டர் இல்லாமலே வருகின்றன. அதைத் தனியாக வாங்கி, வெளிப்புறம் பொருத்தி, மேலே சாரல் மறைப்பாக ஒரு தகடும் அடிக்க வேண்டும். ஃபேன் நிற்கும்போது ஷட்டர் இதழ்கள் மூடிக்கொள்வதால் பனிக்காற்றும் விளக்கைத் தேடி வரும் பூச்சிகளும் உள்ளே நுழையா. மோட்டாருக்குக் காட்டும் அக்கறையை இந்தத் தகட்டிதழ்களுக்கும் காட்டினால்தான் மலையில் ஃபேன் நிலைக்கும்.

மின்னிணைப்பில் எர்த் ஒயர் கட்டாயம். குளியலறை ஃபேனின் ஸ்விட்ச் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். காஸ் கீசர் இருக்கும் குளியலறையில் எச்சரிக்கை மிகவும் தேவை: கதவும் ஜன்னலும் மூடியிருக்க ஃபேன் ஓடினால், கீசரின் நச்சுப்புகை வெளியேறாமல் அறைக்குள்ளேயே திரும்பக்கூடும். காஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே வைப்பதே பாதுகாப்பு. சமையலறையில் காஸ் நெடி அடித்தால் ஃபேனைப் போடவே கூடாது. ஸ்விட்ச் பொறியே போதும் தீப்பிடிக்க. அந்த வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும், உயரத்திலுள்ள ஃபேனுக்கு எட்டாது. கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

பொருத்தியதும் ஊதுவத்தியைக் கொளுத்தி அடுப்பருகே பிடித்துப் பார்க்கலாம். புகை ஃபேனை நோக்கி நீண்டு சாய வேண்டும். நேராக எழுந்து கூரையடியில் பரவினால் உள்வரும் காற்று போதவில்லை. கதவுக்கு அடியில் விரற்கடை இடைவெளி விட்டாலே மாற்றம் தெரியும்.

40 வாட் ஃபேன் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்டைச் சற்றே தாண்டும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் ஓட்டும் செலவு பெரிய பாரமில்லை. பாரம் பராமரிப்பில்தான் இருக்கிறது. விறகு எரியும் அடுக்களையில் மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, இறக்கையையும் ஷட்டரையும் சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். மோட்டாரில் ஈரம் படக் கூடாது. ஸ்விட்ச் போட்டும் ஃபேன் சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்திவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், மாற்றினால் ஓடும். இறுக்கமாக இருந்தால் பியரிங்கில் கரி அடைத்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.